மரியாதைக்கு ஒரு கை

தாராவியில் எங்கள் சங்கக் கூடத்தில் நடந்த முதல் டிரையல் ஓட்டை நினைத்தால், கட்சியிலிருந்து வந்திருந்த அப்சர்வர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்ட காட்சிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. தாதர் பக்கத்து மராத்திக்காரர், பொறுமையான மனிதர். மேடை என்று சொல்லப்பட்ட மரப்பலகைக்கு முன்னால் இரண்டு பெண்களை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஒருவர் என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி. மற்றவர் பக்கத்துச் சந்தில் தோல் பட்டறை வைத்திருந்த பாயின் மனைவி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் லாத்தா, அவர்கள் பேச்சில் அக்கா. மாநகராட்சித் தேர்தல் வரப்போகிறது, குலுக்கலில் எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு விழுந்துவிட்டது என்று பேச்சு. இருவரில் யாருக்கு டிக்கெட் கொடுத்தால் தேறும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளக் கட்சி ஆசைப்பட்டது. அப்சர்வர் மதினியைக் காட்டி, இந்த அக்கா வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று இந்தியில் கேட்டார். கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. அதை எழுதிக்கொண்டு லாத்தாவைக் காட்டிக் கேட்டார். அத்தனை கைகளும் மறுபடி உயர்ந்தன. அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்தார். “அரே, ஏக் ஆத்மி, ஏக் ஹாத்!” என்று அவர் சத்தம் போட, முன்வரிசையிலிருந்த எங்கள் சங்கத் தலைவர் எழுந்து நின்று மிகுந்த பணிவோடு, “சாப், பகவான்னே தோ ஹாத் தியா ஹை” என்றார்.

ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு என்றால் கடவுள் எதற்கு இரண்டு கொடுத்தார் என்று தலைவர் கேட்டதை அப்சர்வர் நக்கல் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நக்கல் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது நிஜமாகவே புரியாத விஷயம். தெற்கே எங்கள் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் கூட்டத்தில் ஒருவரை முன்னால் உட்காரவைத்து, இவர் இருக்கலாமா என்று கேட்டால் கை தூக்கித்தான் ஆகவேண்டும். வெற்றிலைத் தட்டை நீட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க முடியுமா, அது மாதிரி. வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு இடமும் வேறு நேரமும் இருக்கின்றன. ஒருமுறை சங்கச் செயலாளராக ஒருவரை ஏகமனதாகக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அன்று சாயங்காலமே நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, அவருடைய உடம்பைப் பற்றிக் கவலையாக விசாரித்துவிட்டு வந்தார்கள். மறுநாள் அவர் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. பட்டறைச் சந்துக்காரர்கள் தொழுகைக்குப் போகிறவர்கள், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றாலும் இந்த விஷயத்தில் இரண்டு கூட்டமும் ஒரே தாமிரபரணித் தண்ணீர் குடித்தவைதான். அப்சர்வருக்கு இதை யாரும் விளக்கவில்லை. அவர் இரண்டு பேருக்கும் நல்ல செல்வாக்கு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

மதினியை இரக்கமே உருவானவர் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வாய்த் துடுக்கு அதிகம். தெருவில் நாலு பேர் வணக்கம் சொன்னால் நடை மாறிவிடும். கூட்டத்துக்குப் போகும் நாளில் சேலை மடிப்பு எடுக்க ஆகும் நேரத்தில் அண்ணன் ஒரு டஜன் ஸ்கூல் பை தைத்துவிடுவார். அண்ணனுக்குப் பை தைக்கும் பட்டறை. கல்யாணமாகி வந்த புதிதில் மதினிக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில், தெருப் பெண்களோடு வார்டு ஆபீசுக்குப் போனவர், அங்கே சண்டை போட்டுச் சண்டை போட்டே மராத்தி கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய மராத்தியில் கோப வார்த்தைகள்தான் அதிகம், நன்றி சொல்லும்போது மட்டும் திணறுவார். அதன்பிறகு ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி, பள்ளிச் சேர்க்கை என்று யாருக்கு எது வேண்டுமானாலும் மதினியைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்சி அவரைக் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். என் கணிப்பில் அவர்தான் கட்சியைக் கண்டுபிடித்தார்.

டிக்கெட் மீது அவருக்கு இருந்த ஆசை பதவி ஆசை இல்லை. பதவி ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருநாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவரோடு காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவராகவே அதைச் சொன்னார். குடிசைக்கு மாநகராட்சி கொடுத்த போட்டோபாஸ் அண்ணன் பெயரில், கரண்ட் மீட்டர் செத்துப்போன என் அப்பா பெயரில், பட்டறை போர்டில் என் பெயரும் அண்ணன் பெயரும். கட்சி பேனரில் அவர் படத்தின் கீழே எப்போதும் ‘மகளிர் அணி’ என்று மட்டும் போடுவார்கள். “ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இந்த வார்டுல உள்ள அம்புட்டு பேரும் மெஷின்ல எம் பேர வாசிக்கணும் தம்பி. அமுக்குதாவளோ அமுக்கலியோ, அது அவுக இஷ்டம். மராத்தி எழுத்துலதான் இருக்கும், இருந்துட்டுப் போவட்டும். வாசிக்கணும்” என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கிற முகத்தோடு சொல்லவில்லை.

லாத்தா நேர் எதிர். அதிகம் பேசமாட்டார். மெதுவாக நடப்பார். பட்டறையில் பெல்ட் ஓரம் மடிக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் பிரசவத்துக்கு ஆள் அனுப்புவது, பள்ளிக்கூடச் சண்டையைத் தீர்ப்பது எல்லாம். நோன்புக் கஞ்சி இங்கே வரும், பொங்கல் அங்கே போகும் என்று எழுதினால் கட்சிப் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். வந்ததும் போனதும் உண்மைதான். ஆனால் இரண்டு பேரும் தண்ணீர் டிரம்மை யார் இடத்தில் யார் வைத்தது என்று மழைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்ததும் உண்மை. பேச ஆரம்பித்த பிறகு அந்த டிரம்மை இரண்டு வாசலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட் மேல் கண் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொண்டதில்லை. கேட்டால், “மேல இருக்கவுங்க முடிவு பண்ணுதது” என்று இருவரும் ஒரே மாதிரி சொல்வார்கள்.

மேலே இருந்தவர்கள் அப்போது வேறு வேலையாக இருந்தார்கள். தேர்தல் வருகிறது வருகிறது என்று சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டே போயிற்று. கோர்ட் என்றார்கள், வார்டு எல்லை என்றார்கள். இதற்கு நடுவில் கட்சி இரண்டாக உடைந்தது. அந்த நாட்களில் மகாராஷ்டிராவில் கட்சி உடைவது புதுமையில்லை, ஆனாலும் சொந்தத் தெருவில் வந்து உடையும்போதுதான் அது எப்படியிருக்கும் என்று தெரிகிறது. தெருமுனையில் கட்சி ஆபீஸ் ஒற்றை அறை. இரண்டு பக்கத்தாரிடமும் சாவி இருந்தது. கொஞ்ச நாள் சண்டைக்குப் பிறகு நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாக்கினார்கள். ஜன்னல் ஒரு பக்கத்துக்குப் போயிற்று, ஃபேன் மறு பக்கத்துக்குப் போயிற்று. வாட்ஸ்அப்பில் ஒரே பெயரில், ஒரே தலைவர் படத்தோடு இரண்டு குழு ஆனது. எதில் எதைப் போடுகிறோம் என்று தெரியாமல், ஒரு பக்கத்தைத் திட்டி எழுதியதை அதே பக்கத்தில் போட்டு அழித்தவர்கள் பலர். அண்ணன் புதுப் பக்கம் போனார். அவர் தைக்கும் பைகளை மொத்தமாக வாங்கும் ஆள் அந்தப் பக்கத்துக்காரர் என்பது ஒரு காரணம். “யாரு ஜெயிச்சாலும் வீட்டுக்கு ஒரு ஆளு உள்ள இருக்கணும்லா” என்பது அவர் எங்களிடம் சொன்ன காரணம். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு பக்கத்துக் காலண்டரும் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டு தொங்கின.

மதினி பழைய பக்கத்திலேயே இருந்தார். விசுவாசம் என்று வெளியே சொன்னார்கள், மதினியும் அந்தச் சொல்லை மேடையில் பயன்படுத்தினார். வீட்டில் வேறு மாதிரி சொன்னார். “ஆம்பளைங்க பூரா அந்தப் பக்கம் ஓடிட்டாவ. இப்பத்தான் இங்க ஒக்கார எடம் கெடச்சிருக்கு. இத விட்டுட்டு நா அங்க போயி நிக்கணுமாக்கும்?” லாத்தாவும் பழைய பக்கத்திலேயே நின்றார். அவர் காரணம் என்னவென்று எனக்குத் தெரியாது, அவர் காரணம் சொல்கிறவர் இல்லை. இந்தக் காலத்தில் டிரையல் ஓட்டு மட்டும் நிற்கவே இல்லை. தேர்தல் இல்லாத காலத்தில் கட்சிக்காரர்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. பழைய பக்கம் ஒன்று நடத்தும், அடுத்த வாரமே புதுப் பக்கம் அதே கூடத்தில் அதே நாற்காலிகளில் ஒன்று நடத்தும். எங்கள் ஆட்கள் இரண்டுக்கும் போய், முன்னால் யார் உட்கார்ந்திருந்தாலும் கை தூக்கிவிட்டு, கொடுத்த வடாபாவைத் தின்றுவிட்டு வந்தார்கள். வார்டு முழுக்க நம் பக்கம் என்று இரண்டு பக்கமும் மேலே எழுதி அனுப்பின. நான் அப்போது நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில், வாடிக்கையாளர்கள் கொடுக்கும் நட்சத்திரங்களைக் கூட்டிப் பெருக்கி அறிக்கை எழுதும் வேலைக்குச் சேர்ந்து, குடியும் அங்கேயே மாறியிருந்தேன். சேவை எப்படி என்று கேட்டால் பாவம் அந்தப் பையன் என்று ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு மறுநாளே கணக்கை மூடிவிட்டுப் போகிறவர்களை எங்கள் மேனேஜருக்குப் புரியவே புரியாது. எனக்குப் புரியும். நான் அந்தக் கூடத்தைப் பார்த்து வளர்ந்தவன்.

கடைசியில் தேர்தல் நிஜமாகவே வந்தது. டிக்கெட் முடிவாக இன்னும் சில நாட்களே இருந்தபோது பழைய பக்கம் கடைசி டிரையல் ஓட்டை அறிவித்தது. இந்த முறை செம்பூரிலிருந்து ஒரு இளைஞனை அப்சர்வராக அனுப்பினார்கள். அவனுக்கு எங்கள் கூடத்தின் பெருமை யாராலோ சொல்லப்பட்டிருந்தது. ஆகவே கறாராக விதி போட்டான். ஆளுக்கு ஒரு கைதான். ஒருமுறை தூக்கியவர் இரண்டாவது முறை தூக்கக்கூடாது. எல்லாவற்றையும் மொபைலில் வீடியோ எடுத்து அங்கிருந்தே கட்சித் தலைவருக்கு அனுப்புவான். அதில் யாருக்குக் கை அதிகமோ அவருக்கே டிக்கெட். மதினிக்குச் செய்தி வந்ததும் கணக்குப் போட்டார். சங்கக் குடும்பங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் இருக்கும். அவர்கள் ஒரே ஒரு முறை, லாத்தாவின் பெயர் சொல்லும்போது மட்டும், கையைத் தூக்காமல் இருந்தால் போதும்.

அந்த வாரம் மதினி வீடு வீடாக ஏறி இறங்கியது தனக்கு ஓட்டுக் கேட்டு இல்லை, கை தூக்காமல் இருக்கச் சொல்லி. தனக்குத் தூக்குவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். சங்கத் தலைவர் வீட்டில் அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு நீண்ட நேரம் யோசித்தார். “நீ சொல்லுதது சரிதாம்மா. ஒனக்குத்தான் எங்க கையி. ஆனா அந்தப் புள்ள எதுத்தாப்புல ஒக்காந்திருக்கும்லா? அது மொகத்தப் பாத்துக்கிட்டு கைய எப்படி மடியில வச்சிக்கிட்டு இருக்க?” என்றார். மதினி சற்றும் யோசிக்காமல், “மொகத்தப் பாக்காதீங்க மாமா. சாமி படத்தப் பாருங்க” என்றார். கூடத்தின் பின்சுவரில் மாலை போட்ட முருகன் படம் உண்டு. எல்லா வீட்டிலும் மதினி இதே யோசனையைச் சொன்னார். எல்லா வீட்டிலும் முதலில் தயங்கி, பிறகு ஒத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அவர் முகத்தில் வெற்றிக் களை இருந்தது. சேலைக்கு இஸ்திரி போடக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் வரவில்லை, அவர் எதிர்ப் பக்கமாயிற்றே. நான் பின்னால் நின்றேன். முன்னால் இரண்டு நாற்காலி, பக்கத்தில் பக்கத்தில். மதினி மாம்பழ நிறச் சேலை, லாத்தா வழக்கமான கறுப்புப் புர்காவின் மேல் புதிதாக ஒரு பூப்போட்ட துப்பட்டா. இளைஞன் விதியை இந்தியிலும் மராத்தியிலும் சொன்னான், சங்கத் தலைவர் தமிழில் சொன்னார். வயதில் மூத்தவர் என்பதால் லாத்தாவின் பெயரை முதலில் வாசித்தான். மொபைலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றான்.

லாத்தாவின் பட்டறைப் பெண்கள் ஓரமாக ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கவில்லை. அந்தக் கூடத்தில் ஒருவர் பெயர் சொல்லப்பட்டு அத்தனை கைகள் கீழே இருந்ததை நான் அன்றைக்கு முன்னால் பார்த்ததில்லை, யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். ஆட்கள் கழுத்தைத் திருப்பிப் பின்சுவரைப் பார்த்தார்கள். படத்துக்கு நேர் கீழே நான் நின்றுகொண்டிருந்ததால் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது, சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். இளைஞன் மொபைலை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினான். லாத்தாவுக்கு முதலில் புரியவில்லை. கூட்டத்தைப் பார்த்து எப்போதும்போல் சிரித்தார். பிறகு தெரிந்த முகம் ஏதாவது தன்னைப் பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். சிரிப்பு மாறவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் அது அப்படியே முகத்தில் நின்றது. கை மட்டும் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தது. எனக்கே கையைத் தூக்கிவிடலாம் போலிருந்தது. இவ்வளவுக்கும் நான் மதினியின் ஆள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மதினி நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும் திரும்பி லாத்தாவைப் பார்த்தார். அடுத்த நொடி அவருடைய வலது கை மேலே போனது, வளையல் முழங்கை வரை இறங்கியது. முதல் வரிசையில் சங்கத் தலைவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அவர் கை உயர்ந்தது. அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வரிசையாக, அப்பாடா என்பதுபோல், கூடம் முழுவதும் உயர்ந்தது. இளைஞன் மொபைலை வலமிருந்து இடமாகத் திருப்பிக் கொண்டுவந்து மதினியின் மேல் நிறுத்தினான். “க்யா பாத் ஹை தாயி!” என்று வியந்தான். பிறகு மதினியின் பெயரை வாசித்துவிட்டு, ஏற்கெனவே தூக்கியவர்கள் தூக்கக்கூடாது என்று நினைவூட்டினான். பின்னால் இரண்டு மூன்று பேர் கை தூக்கினார்கள். அவர்கள் கண்ணைத் திறக்காமலே முருகனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த, நடந்தது எதையும் பார்க்காத ஆட்கள்.

வீட்டில் அண்ணன் கத்திய கத்தலைப் புதுப் பக்கத்துக்காரர்கள் தெருமுனை ஆபீசில் பிளைவுட்டுக்கு அந்தப் புறம் இருந்தே கேட்டிருப்பார்கள். எதிர்ப் பக்கமாக இருந்தாலும் பெண்டாட்டி டிக்கெட் போனால் யாருக்கும் கோபம் வரும். “ஊரெல்லாம் சுத்திக் கைய கட்டிப்போட்டுட்டு வந்து, ஒங் கைய நீயே தூக்குவியா? கிறுக்கு புடிச்சிருக்கா?” மதினி வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்தார். நான் சாப்பிட உட்கார்ந்தபோது, கேட்காமலே சொன்னார். “நா தூக்கணும்னு தூக்கல தம்பி. அவ மொகம் அப்படி இருந்துச்சு. பக்கத்துல சும்மா ஒக்காந்திருக்க முடியல.” பிறகு சாம்பாரை ஊற்றிவிட்டு, “சவம், பெறவு எறக்கவும் முடியல” என்றார். ஐரோலியில் ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருப்பவர். எவ்வளவு பெரிய மனசு உங்கள் மதினிக்கு என்று கண்கலங்கினார். பெரிய மனசுக்காரர்கள் அதன்பிறகு ஒரு வாரம் பாத்திரத்தைப் போட்டு உடைப்பதில்லை, சொந்த வலது கையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதில்லை. அது பழக்கம். ஆனால் வெறும் பழக்கம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மற்ற எல்லோருக்கும் அதே பழக்கம் இருந்தது, அவர்கள் படத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்கள்.

லாத்தாவுக்கு டிக்கெட் வந்தது. வீடியோ கட்சித் தலைவருக்குப் பிடித்துப்போனதாம், போட்டியாளரே கை தூக்கிய வார்டு என்று மற்ற வார்டுகளுக்கும் அனுப்பினார்களாம். மதினி குறை வைக்காமல் பிரசாரம் செய்தார். கழுத்தில் கட்சித் துண்டும் கையில் நோட்டீஸுமாகச் சந்து சந்தாக நடந்து, வாய் பேசாத லாத்தாவுக்காக இவரே எல்லா மொழியிலும் பேசினார். என் காதுக்கு ஒரு சொல்கூடப் பொய்யாகப் படவில்லை. ஓட்டுப்பதிவு அன்று எனக்கும் விடுமுறை. காலையிலேயே ஐரோலியில் என் ஓட்டைப் போட்டுவிட்டு ரயிலேறி வந்தேன். அண்ணன் புதுப் பக்கத்தாரின் மேசையில் உட்கார்ந்திருந்தார், ஆகவே மதினியோடு பள்ளிக்கூட வாசல்வரை நான்தான் போனேன். உள்ளே போனவர் சீக்கிரம் வந்துவிட்டார். விரல் மையை ஊதிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தார். மாஹிம் பக்கம் திரும்பும் முனையில் கூட்டம் குறைந்ததும் நின்றார்.

“லாத்தாவுக்குப் போடல தம்பி” என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “மெஷின்ல அவ பேர வாசிச்சேன். ஒரு தடவ வாசிச்சுட்டு மறுபடியும் வாசிச்சேன். அந்த எடத்துல எம் பேரு இருந்திருக்கணும். வெரலு போவல. வேற எவனுக்கும் போடவும் மனசு இல்ல. கடைசியில இருக்குல்லா, யாருமே வேண்டாம்னு ஒண்ணு, அத அமுக்கிட்டு வந்துட்டேன்” என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இல்லை. அலுப்பு இருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் பார்க்காத ஒரு இடத்தில் அவர் ஒரு முடிவு எடுத்தது அன்று மட்டும்தான் என்று எனக்குப் பிறகு தோன்றியது. அண்ணனிடம் சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

லாத்தா தோற்றார். அண்ணன் பக்கத்து வேட்பாளரும் தோற்றார். இரண்டு பக்கத்து ஓட்டையும் சேர்த்தால் தாராளமாக ஜெயித்திருக்கலாம் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள், மாநிலம் முழுக்கவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வந்த மூன்றாவது கட்சிக்காரி மாலையோடு எங்கள் சந்தைத் தாண்டிப் போனார். எங்கள் ஆட்கள் அவருக்கும் கும்பிடு போட்டார்கள். இப்போது அந்தத் தெருவில் வீட்டுச் சுவர்களிலெல்லாம் இடிப்பதற்கான சர்வே எண் எழுதியிருக்கிறது. கட்சி ஆபீசில் பிளைவுட் மட்டும் இன்னும் உறுதியாக நிற்கிறது. தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலை மதினி என்னையும் கூட்டிக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனார். துக்க வீட்டுக்குப் போவதுபோல் வாசலிலேயே செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து நுழைந்தார். லாத்தா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எங்களுக்கு டீ போடச் சொல்லிவிட்டு, மதினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. வீட்டு வாசலில் வந்து சத்தியம் பண்ணியவர்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள், பட்டறையிலேயே வேலை செய்கிறவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொன்னார். யார் போட்டார்கள், யார் போடவில்லை என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம் என்றார். யாரையும் திட்டவில்லை. டீ வந்தது. ஆறிக்கொண்டிருந்த டம்ளரை மதினியின் பக்கம் நகர்த்திவிட்டு, “ஊருல ஒருத்தரும் போடலன்னாலும் நீ போட்டிருப்ப. அது எனக்குத் தெரியும். அந்த ஒரு ஓட்டு போதும்ட்டி எனக்கு” என்றார்.

மதினி என் பக்கம் திரும்பவில்லை.

“போடாம இருப்பேனா லாத்தா?” என்றார்.